வாசகர் கேள்வி-பதில்: பக்கவாதம் வந்தவர் கீழே விழுவாரா என்று வீட்டிலேயே கணிக்க முடியுமா?

பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்து, ஓரளவு நடமாடத் தொடங்கியவர்களின் குடும்பத்தார் வட சென்னையிலிருந்து அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பதில் எழுதுபவர்கள் பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள்.

கேள்வி: எங்க நைனாவுக்கு வலது கை, கால் விழுந்து இரண்டு வருஷம் ஆகுது. இப்போ ஸ்டிக் வெச்சிக்கிட்டுத் தானே நடக்கிறார். ஆஸ்பத்திரியில் "இவர் விழக்கூடிய ஆளு, பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள். இதுவரை விழவே இல்லை. ஒரே ஒரு தடவை கட்டிலிலிருந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்தார், அவ்வளவுதான். விழுவாரா, மாட்டாரா என்று நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா?
- வாசகி, காசிமேடு

பதில்: கட்டிலிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்தாரே, அதுவும் விழுந்ததுதான். அடிபட்டால்தான் விழுந்த கணக்கு என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். எதிர்பாராமல் உடம்பு தரைக்கோ, இருந்த இடத்தைவிடத் தாழ்வான இடத்துக்கோ போய்விட்டால் அது விழுந்ததாகத்தான் கணக்கு. காயம் பட்டதா இல்லையா என்பது அடுத்த விஷயம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். அதனால் டாக்டர் கேட்கும்போது "விழவே இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். விழப்போய் நிலைக்கதவைப் பிடித்தது, பேரன் ஓடிவந்து தாங்கியது, சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தது எல்லாமே எங்களுக்கு வேண்டிய தகவல்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தடுமாறிய ஒவ்வொரு முறையும் ஏழு விஷயங்களை எழுதுங்கள்: மணி என்ன, எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார், எந்தப் பக்கம் சாய்ந்தார், காலில் என்ன இருந்தது, தலை சுற்றியதா, கடைசியாக மாத்திரை போட்டது எப்போது. ஒரு மாதம் எழுதினாலே ஒரு வடிவம் தெரியவரும். விடியற்காலை நாலு மணிக்குப் பாத்ரூம் போகும்போது மட்டும் தடுமாறுகிறவருக்கும், மாலையில் கடைத்தெருவில் யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போது தடுமாறுகிறவருக்கும் செய்ய வேண்டிய வேலையே வேறு. எங்களைக் கேட்டால், இந்த நோட்டு எந்தச் சோதனையையும்விடப் பயனுள்ளது.

அடுத்து, அவர் செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். வலது செருப்பின் முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால், நடக்கும்போது அந்தப் பாதம் தரையை விட்டுச் சரியாக எழவில்லை என்று அர்த்தம். வலது கட்டைவிரல் நகத்திலோ நுனியிலோ புதுச் சிராய்ப்பு இருந்தாலும் அதேதான். வாசற்படியில் இடறுவது பெரும்பாலும் இந்தக் கால்தான்.

அதற்குப் பிறகு கடிகாரத்தை எடுக்கலாம். நாங்கள் "டக் டெஸ்ட்" (TUG, Timed Up and Go) என்று சொல்கிற, 1991-லிருந்து புழக்கத்தில் இருக்கிற எளிய சோதனை இது. யாரும் பிடிக்காமல் நிற்கவும் நடக்கவும் முடிந்தவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். உட்காரும் இடம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் பின்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள், இல்லையென்றால் எழும்போது பின்னால் நழுவிவிடும். அங்கிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரண்டடி டைல்ஸ் பதித்த தரை என்றால் ஐந்து டைல், ஓரடி என்றால் பத்து. வீட்டுக்குள் அவ்வளவு நீளம் இல்லாதவர்கள் ஹவுசிங் போர்டு காரிடாரில் ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்யலாம்.

வழக்கமான செருப்பு, வழக்கமான ஸ்டிக்கோடு செய்யட்டும். "போங்க" என்றதும் எழுந்து, இயல்பான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். "போங்க" என்ற நொடியில் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கி, முதுகு நாற்காலியில் சாய்ந்ததும் நிற்க வேண்டும். ஒருமுறை ஒத்திகை, அடுத்த முறை கணக்கு. நீங்கள் அவருக்கு வலது பக்கம், அரை அடி பின்னால் கூடவே நடங்கள். தொடாதீர்கள், ஆனால் இடுப்பில் கட்டிய பெல்ட்டுக்கு எட்டும் தூரத்தில் கை இருக்கட்டும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்கள் பத்து நொடியை ஒட்டி முடித்துவிடுவார்கள். பக்கவாதம் வந்தவருக்கு 14 நொடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை.

நொடியைவிட, திரும்பும் இடத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று அடியில் சட்டென்று திரும்புகிறாரா, இல்லை ஐந்தாறு சின்ன அடி வைத்து, நடுவில் ஆடித்தான் திரும்புகிறாரா? உட்காரும்போது நாற்காலி காலில் படும்வரை பின்னால் வந்து உட்கார்கிறாரா, பாதித் திரும்பலிலேயே தொப்பென்று விழுகிறாரா? விழுவது நேர்கோட்டில் நடக்கும்போது மட்டும் அல்ல. திரும்பும்போது, எழும்போது, உட்காரும்போதும்தான்.

கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு அதே சோதனையை இன்னொரு வேலையோடு சேர்த்துச் செய்யுங்கள். 100-லிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லலாம். கணக்கு வராதவர் வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லட்டும். பேச்சும் பாதித்தவர் என்றால், ஸ்டிக் இல்லாமல் நடப்பவராக இருந்தால் மட்டும், கையில் அரை டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நேரம் நான்கைந்து நொடி கூடினாலோ, பதில் சொல்வதற்காக நடையையே நிறுத்தினாலோ, அவருடைய மூளை முழுக் கவனத்தையும் செலவழித்துத்தான் நடந்துகொண்டிருக்கிறது. மீன் மார்க்கெட் இரைச்சலில் அந்தக் கவனம் கிடைக்காது.

கால் பலத்துக்கு ஒன்று: இதே நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நல்ல கை வாதக் கையைப் பிடித்தபடி, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடிக்குள் முடித்தால் நல்லது. எழும்போது வாதக் கால் மெல்ல முன்னால் நழுவிப் போகிறதா என்று பாருங்கள். நழுவினால் ஒற்றைக் காலில்தான் எழுகிறார்.

எண்கள் கைக்கு வந்ததும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். வீடு மாறினாலும், மாத்திரை மாறினாலும், காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து எழுந்தாலும் உடனே செய்து பாருங்கள்.

கேள்வி: அண்ணனுக்குப் பேலன்ஸ் சோதித்து 56-க்கு 49 போட்டார்கள். "நல்ல மார்க், பயமில்லை" என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முறை விழுந்துவிட்டார். சோதனை தப்பா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: சோதனை தப்பில்லை. அது கேட்காத கேள்விக்கு அதில் பதில் தேடினால் கிடைக்காது. உங்கள் அண்ணனுக்குச் செய்தது பெர்க் பேலன்ஸ் ஸ்கேல். மொத்தம் 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, கையை நீட்டி எட்டுவது, தரையில் கிடக்கும் பொருளை எடுப்பது, ஒரு முழுச் சுற்றுத் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் இருக்கும். ஆனால் அதில் நடையே இல்லை. யாராவது இடித்தால் சமாளிப்பாரா என்பது இல்லை. பேசிக்கொண்டே நடப்பதும் இல்லை. வெளிச்சமான அறையில், சமதளத்தில், ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, சொன்னதைச் செய்யும் சோதனை அது.

45-க்குக் கீழே ஆபத்து, மேலே பத்திரம் என்ற கணக்கு முதியவர்களிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்து பழக்கமாகிவிட்டது. அதைச் சுவர் மாதிரி நம்பக்கூடாது. 40 எடுத்தவர் நாற்காலியைவிட்டு அதிகம் எழாமல் இருந்தால் விழாமல் இருக்கலாம். 49 எடுத்தவர் மாடிப்படி ஏறுகிறார், பஸ் பிடிக்கிறார், குடம் நகர்த்துகிறார். விழும் சந்தர்ப்பமும் அவருக்குத்தான் அதிகம். நன்றாக நடமாடத் தொடங்கும் கட்டத்தில் விழுவது கூடுவதற்கு இதுதான் காரணம். அதற்காக அவரை உட்கார வைத்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் தொடைச் சதை கரையும், எலும்பு மெலியும், அடுத்த முறை எழும்போது இன்னும் தடுமாறுவார்.

அடுத்த முறை போகும்போது "மினி பெஸ்ட் டெஸ்ட்" செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதுவும் 14 செயல்தான், மொத்தம் 28 மதிப்பெண். ஆனால் அதில் உடம்பைச் சாய்த்துத் திடீரென்று கையை விடுவார்கள். எத்தனை அடி வைத்து நிமிர்கிறார் என்று பார்ப்பார்கள். நடக்கும்போது வேகம் மாற்றச் சொல்வார்கள், தடையைத் தாண்டச் சொல்வார்கள், கணக்குப் போட்டபடி நடக்கவும் சொல்வார்கள். தள்ளிவிட்டுப் பார்க்கும் பகுதியை மட்டும் வீட்டில் ஒருபோதும் முயலக்கூடாது.

இரண்டு முறையும் எப்படி விழுந்தார் என்று எழுதவில்லை. அதைச் சொன்னால் பயிற்சியையும் சொல்ல முடியும். திரும்பும்போது என்றால் இரண்டு பக்கமும் திரும்பும் பயிற்சி, இடித்தபோது என்றால் சட்டென்று எட்டு வைக்கும் பயிற்சி, பேசும்போது என்றால் பேசிக்கொண்டே நடக்கும் பயிற்சி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்தால் விழுவது நிற்காது.

கேள்வி: லைன் வீடு. பாத்ரூம் வெளியே, எல்லாருக்கும் பொது. வாசலில் தண்ணீர் டிரம், குடம். மாமியாருக்கு இடது பக்கம் வாதம். வீட்டை எப்படிச் சோதிப்பது? சொந்த வீடு இல்லாததால் இடித்துக் கட்ட முடியாது.
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இரவு பத்து மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, அவர் கட்டிலிலிருந்து கழிவறை வரை போகும் வழியில் நீங்கள் நடந்து பாருங்கள். கையில் இஞ்ச் டேப் இருக்கட்டும்.

வழியின் அகலத்தை அளங்கள். வாக்கர் வைத்து நடப்பவருக்குக் குறைந்தது 75 சென்டிமீட்டர் வேண்டும். டிரம்மும் குடமும் அதை 50-ஆக்கிவிட்டால் பக்கவாட்டில் நடப்பார், அப்போது கால் பின்னிக்கொள்ளும். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரம் மட்டும் குடங்கள் வழியில் இருக்கட்டும். மற்ற நேரம் அவருடைய இடது பக்கம் படாத ஒரு சுவரோரமாகப் போகட்டும். தண்ணீர் பிடித்த பிறகு தரையைத் துடைப்பது குடும்பத்தின் கடமை. மாமியாரைக் குடம் தூக்க விடாதீர்கள். கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அவருக்கு இருப்பது ஒரே நல்ல கை. அதில் பொருள் இருந்தால், தடுமாறும்போது பிடிப்பதற்குக் கை கிடையாது. போன், மாத்திரை, சாவி எல்லாம் குறுக்காக மாட்டும் துணிப்பையில் போகட்டும்.

மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசற்படியை உயர்த்திக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். அந்தப் படியின் உயரத்தை அளந்து, விளிம்பில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பெயின்ட்டால் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு இழுங்கள். பாத்ரூம் தரை பெரும்பாலும் வெளித்தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கும். அங்கேயும் ஒரு கோடு வேண்டும். இதற்கு வீட்டுக்காரர் மறுக்க மாட்டார்.

கைப்பிடிக் கம்பியில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உள்ளே போகும்போது அவருடைய நல்ல வலது கை ஒரு சுவரோரம் இருக்கும். திரும்பி வெளியே வரும்போது அதே வலது கை எதிர்ச் சுவர்ப் பக்கம் இருக்கும். அதனால் ஒரு பக்கம் மட்டும் கம்பி போட்டால் போகும்போது உதவும், வரும்போது கை வெறும் காற்றைத்தான் பிடிக்கும். நிலையின் இரு பக்கமும் செங்குத்தாக ஒவ்வொரு கம்பி வேண்டும். கழிவறைக்குள் படுக்கை வாட்டத்தில் போடும் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்கும்படி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனத்தில் இருக்கட்டும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவரில் சாதாரண ஸ்குரூ பிடிக்காது, பெயர்ந்து வரும். சுவரின் மறுபக்கம் தகடு வைத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடிகளை நம்பாதீர்கள், ஈரத்தில் கழன்றுவிடும்.

குளிப்பதற்கு முக்காலி வேண்டாம். முதுகும் கைப்பிடியும் உள்ள, காலில் ரப்பர் புஷ் போட்ட கனமான நாற்காலி வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைக்காமல், நல்ல கைப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்டின் மேல் வையுங்கள். குனிந்து மொண்டு நிமிரும்போதுதான் பலருக்கு நிலை தவறுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பாதத்தில் எண்ணெய் படவே கூடாது.

கீழே உட்காரும் கழிவறை அவருக்கு ஆகாது. 17 முதல் 19 அங்குல உயரமுள்ள கமோட் நாற்காலியை அதன் மேல் போட்டுப் பயன்படுத்தலாம். இரவில் பொதுக் கழிவறைக்குப் போகவே வேண்டாம். அதே நாற்காலியை வாளியோடு கட்டிலருகே, அவருடைய வலது பக்கம் போடுங்கள். பாதத்தைத் தாங்கிப் பிடிக்க ஸ்பிளின்ட் போடுபவர் என்றால், இரவு அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கும் அந்தப் பத்தடிதான் அன்றைய நாளிலேயே ஆபத்தான நடை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து, நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிறவரிடம் பயிற்சி மட்டும் கேட்காமல், இந்த வழியையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கை எந்தக் கையில் பிடிப்பது? நாலு கால் ஸ்டிக் நல்லதா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: நல்ல கையில். செருப்பைப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடியின் உயரம் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். முதலில் ஸ்டிக், அடுத்து வாதக் கால், கடைசியில் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வாதக் கால் முதலில்.

நாலு கால் ஸ்டிக் சமதளத்துக்கு நல்லது. அகலமான பக்கம் உடம்புக்கு வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காலில் இடறும். நான்கு முனையும் ஒன்றாகத் தரையில் பட்டால்தான் அது தாங்கும். பள்ளம் மேடான சந்தில் அது ஆடும், பழைய குடியிருப்புகளின் குறுகிய படியில் நான்கு காலும் உட்காராது. படிக்குச் சாதாரண ஸ்டிக்கும் கைப்பிடிச் சுவரும்தான். அடியில் உள்ள ரப்பரின் வரிகள் தேய்ந்து வழவழப்பானால் அன்றே மாற்றுங்கள். குடையை ஸ்டிக்காக ஊன்றக்கூடாது.

கேள்வி: அப்பா காலையில் எழுந்ததும் கண் இருட்டுகிறது என்கிறார். பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை, கால் இறுக்கத்துக்கு ஒரு மாத்திரை, சிறுநீர்ப் பிரச்சினைக்கு ஒன்று என்று சாப்பிடுகிறார். பி.பி. எப்போது பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கிறது.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உட்கார வைத்தே பார்ப்பதால் சரியாக இருக்கிறது. காலையில் எழும் முன் ஐந்து நிமிடம் படுத்த நிலையில் இருக்கும்போது, வாதம் வராத கையில் ஒருமுறை பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். நிற்கும்போது மயக்கம் வந்தால் அளவெடுப்பதை விட்டு உடனே உட்கார வையுங்கள். மூன்று நாள் இப்படி எடுத்து எழுதுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதே நேரத்தில் சர்க்கரையையும் பாருங்கள். 70-க்குக் கீழே போவதும் இதே மாதிரிதான் காட்டும்.

நீங்கள் சொன்ன நாலு வகை மாத்திரையுமே தடுமாற்றத்தைக் கூட்டக்கூடியவை. புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ரத்தக் குழாயையும் தளர்த்தும். இறுக்கத்துக்கான மாத்திரை தூக்கத்தையும் தளர்ச்சியையும் தரும். சிலர் அந்த இறுக்கத்தை ஊன்றுகோலாக வைத்துத்தான் நிற்கிறார்கள், அது குறைந்ததும் கால் மடங்கிவிடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பி.பி. மாத்திரையை நிறுத்தினால் இன்னொரு பக்கவாதம் வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரும். எல்லா அட்டைகளையும் ஒரே கவரில் போட்டு, மூன்று நாள் கணக்கோடு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு, இதயம், சிறுநீரகம் என்று மூன்று டாக்டர்கள் தனித்தனியாக எழுதிய மருந்துகள் ஒருவருக்கொருவர் தெரியாமலே சேர்ந்திருப்பது சாதாரணம். நேரத்தை மாற்றினாலே பாதி சரியாகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

அதுவரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டிவிட்டு எழட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம் வாதம். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று யாரையும் கூப்பிடாமல் எழுந்து போய்விடுகிறார். இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருக்கிறது. வீம்பா, நோயா?
- வாசகி, புளியந்தோப்பு

பதில்: வீம்பு இல்லை அம்மா. மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே மனதில் பதியாது. தங்கள் குறை இன்னதென்றும் தெரியாது. சாப்பாட்டுத் தட்டில் இடது பக்கம் வைத்த பொரியல் அப்படியே இருக்கிறதா? சட்டையில் இடது கையை மாட்ட மறக்கிறாரா? ஒரு தாளில் நீளமான கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி வலது பக்கமாகத் தள்ளிப்போனால் சந்தேகம் உறுதியாகிறது. பார்வையிலேயே இடது பாதி போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அது வேறு. கண் டாக்டர் பார்வைப் பரப்பைச் சோதித்துச் சொல்வார்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். அவர் கண்ணை மூடியிருக்கும்போது இடது கால் கட்டைவிரலை மெல்ல மேலேயோ கீழேயோ அசைத்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பத்துக்குப் பாதி தப்பினால், பாதம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். இருட்டில் அவர் நடக்கவே கூடாது. இரவு முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

இப்படிப்பட்டவரிடம் "பயமா இருக்கா?" என்று கேட்டு ஆபத்தை அளக்க முடியாது, இல்லை என்றுதான் சொல்வார். திட்டுவதும் பயன் தராது, சொன்னது மனதில் நிற்காது. கட்டிலின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கதவு நிலையின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, தாண்டும் முன் அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி ஏற்படுத்துங்கள்.

கேள்வி: அம்மா ஒருமுறை கூட விழவில்லை. ஆனால் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஆறு மாதமாகத் தெருவுக்கே வரவில்லை. கோயிலுக்காவது கூட்டிப்போகலாமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: பயத்தையும் அளக்க வேண்டும். அதற்கு 16 கேள்வி கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. குளிப்பது, படி ஏறுவது, கூட்டத்தில் நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று 1 முதல் 4 வரை சொல்ல வேண்டும். மொத்தம் 16-லிருந்து 64 வரை வரும். மொத்தத்தைவிட, எதற்கெல்லாம் 4 சொன்னார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பயிற்சியை 2 சொன்ன இடத்தில் தொடங்குவோம்.

வேகத்தையும் அளங்கள். காரிடாரில் 6 மீட்டருக்கு இரண்டு கோடு. கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நடக்கத் தொடங்கி, இரண்டு மீட்டர் தாண்டி நிற்கட்டும். அந்த 6 மீட்டருக்கு 15 நொடி ஆனால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அதற்கும் மெதுவாக நடப்பவர்களின் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டோடு நிற்கும். ஏழரை நொடி என்றால் 0.8, வெளியே தாராளமாகப் போய்வரலாம். 0.4 வேகத்தில் 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்கப் பதினேழரை நொடி ஆகும். கன்டெய்னர் லாரி போகும் சாலையில் அந்த நேரம் கிடைக்காது, அம்மாவின் பயம் அங்கே நியாயமான பயம். சாலையைக் கடக்காத ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கோயிலுக்குக் கூட்டிப்போகலாம், கூட்டமில்லாத காலை நேரத்தில். செருப்போடு சேர்த்து ஸ்பிளின்ட்டையும் வெளியே கழற்ற வேண்டியிருந்தால், அது இல்லாமல் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று வீட்டிலேயே முதலில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதம் வெயிலேறிய கருங்கல்லில் வெந்து போனாலும் தெரியாது. பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் அதற்கு அடுத்த கடை வரை. நடுவில் உட்கார ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

கேள்வி: விழுந்துவிட்டால் எப்படித் தூக்குவது? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
- வாசகர், ராயபுரம்

பதில்: உடனே தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும். வாதக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது; அந்தத் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், நழுவிவிடும்.

இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது, கால் ஊன்ற முடியாதது ஆகியவை இடுப்பெலும்பு முறிவின் அடையாளங்கள். பக்கவாதம் வந்தவர் பெரும்பாலும் வாதப் பக்கமே சாய்ந்து விழுவார். ஊன்றக் கை வராது, அந்தப் பக்கத்து எலும்பும் மெலிந்திருக்கும். அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், நன்றாகப் பேசினாலும் போய்க் காட்டி, தலை ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மூளைக்குள் ரத்தம் மெதுவாகவும் கசியலாம். வாந்தி, தூங்கி வழிதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி வந்தால் தாமதிக்காதீர்கள். புதிதாக வாய் கோணியிருந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுந்ததால்தான் இப்படி என்று இருந்துவிடாதீர்கள். மறுபடி பக்கவாதம் வந்ததால் விழுந்திருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு போங்கள்.

இதில் எதுவும் இல்லையென்றால், நல்ல பக்கமாக ஒருக்களிக்க வையுங்கள். நல்ல முழங்கையை ஊன்றி உட்காரட்டும். எதிரில் கனமான, நகராத நாற்காலியை யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ள, நல்ல கையை அதன் மேல் ஊன்றி மண்டியிடட்டும். நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து, கையாலும் காலாலும் உந்தி, இடுப்பைத் திருப்பி நாற்காலியில் உட்காரட்டும். நீங்கள் பின்னால் நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடித்தால் போதும். இதைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில், பாய் விரித்து, விழாத நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

தனியாக இருக்கும் நேரம் உள்ளவர் என்றால், பட்டன் போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி, ஒரே பட்டனை அழுத்தினால் உங்களுக்கு அழைப்பு வரும்படி செய்யுங்கள். மேசை மேல் இருக்கும் போன், தரையில் கிடப்பவருக்கு எட்டாது.